வாய்க்காலுக்கு அடியில் போன புகை

சோழவந்தானிலிருந்து என் அக்காளின் கணவர் எழுதிய தபால் கார்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலே "பங்குனி 14" என்று மட்டும் போட்டிருக்கிறார். வருஷம் இல்லை. தபால் முத்திரையிலும் வருஷ எண்ணின் மேல் மை பரவிவிட்டது. விஷயம் சுருக்கமானது.

"இவ்விடம் அனைவரும் சுகம். அவ்விடம் சுகத்துக்கு எழுதவும். இஞ்சினுக்குப் புகைக்குழாய் மாற்றியதிலிருந்து ஓட்டம் சரியில்லை. கொடி வாடுகிறது. பிட்டரைக் கையோடு அழைத்துக்கொண்டு வரவும்."

வந்த கடிதங்களின் ஓரத்தில், அவை கைக்குக் கிடைத்த கிழமையை எழுதி வைப்பது என் வழக்கம். இதில் "புதன்" என்று இருக்கிறது. வருஷத்தை வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1938 பங்குனியில் அத்தானிடம் இஞ்சினே கிடையாது. 1940 பங்குனியில் நான் மதுரையில் இல்லை, ஆசிரியர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தேன். ஆகவே இது வெகுதானிய வருஷத்துப் பங்குனி, அதாவது 1939. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்போது நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பு ஆசிரியன். அத்தானுக்கு வைகைக் கரையில் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம். நெல்லைப் போல விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பயிர் அல்ல வெற்றிலை. காலடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இரண்டு மூன்று நாள் ஈரம் இல்லாவிட்டால் கணு கறுத்துக் கொடி சாகும். முதலில் அகத்தியை வளர்த்து, அதில் கொடியை ஏற்றி, வாரத்துக்கு வாரம் கோரையால் கட்டி, முழு இலை எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அத்தானின் தோட்டம் அந்தப் பங்குனியில்தான் நிறைந்த இலைக்கு வந்திருந்தது. அது போனால் அவருக்கு வேறு நிலம் இல்லை. பெரியாறு வாய்க்காலைக் கோடைக்கு அடைத்துவிட்டார்கள். ஆற்றில் மணல்தான் இருந்தது. கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதை மேலே கொண்டுவர இஞ்சினைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் கமலை இழுத்த மாடுகளை விற்றுத்தான் அந்த இஞ்சினை வாங்கியிருந்தார்.

மேலூர்ப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் ஓடிப் பழகிய குருடாயில் இஞ்சின் அது. டீசல் என்கிற பெயர் அப்போது என் போல் படித்தவர்களின் வாயில்தான் இருந்தது. தோட்டக்காரர்களுக்கு அது குருடாயில். பத்து மாதம் குறையில்லாமல் ஓடியது. மாசி மாதத்தில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகி, கொட்டகைக்குள் புகை நிறைய ஆரம்பித்தது. அதே சமயத்தில் மதுரை வெற்றிலைப் பேட்டையில் தரகர் ஒருவர் அத்தானின் வெற்றிலைக் கட்டிலிருந்து நூறு இலைக் கவுளி ஒன்றை உருவி, முகர்ந்து பார்த்து, கீழே வைத்துவிட்டார்.

"என்னண்ணே, இலையில புகை வாடை அடிக்குது. ரயில்ல கட்டி இழுத்துக்கிட்டு வந்தீகளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. சோழவந்தான் வெற்றிலைக்கு வாடை சொல்லிவிட்டார்களே என்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். இதை அக்காள்தான் எனக்குச் சொன்னாள்.

ஆகவே புகைக்குழாயைச் சரிசெய்யும்போது, இனி ஒரு பொட்டுப் புகைகூடத் தோட்டத்துப் பக்கம் வரக்கூடாது என்று தீர்மானித்தார். கொட்டகைக்கு ஒரு பக்கம் கொடிக்கால். மறுபக்கம் தலைவாய்க்கால், அதைத் தாண்டித் தரிசு நிலம். பம்பு கிணற்றிலிருந்து இறைத்துத் தொட்டியில் விடுகிற தண்ணீர் அந்தத் தலைவாய்க்காலில் ஓடி, கொட்டகையைச் சுற்றி வளைந்து தோட்டத்துக்குள் போகும். அத்தான் ஓட்டைச் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, இஞ்சினிலிருந்து ஓர் இரும்புக் குழாயைத் தரைக்குள் இறக்கினார். அதோடு சுட்ட மண் குழாய்களைச் சேர்த்து, தலைவாய்க்காலுக்கு அடியில் கொண்டுபோய், தரிசு நிலத்தில் வெட்டிய ஒரு குழியில் விட்டார். குழி நிறையக் கருங்கல் போட்டு, மேலே பலகைக் கல் மூடி, ஓரத்தில் ஓர் இடுக்கு மட்டும் வைத்தார். புகை குழிக்குள் தணிந்து தரிசுப் பக்கம் போய்விடும். சத்தமும் பாதியாகக் குறைந்தது. முதல் நாள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து, இஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று காது வைத்துக் கேட்டார்களாம். அத்தானுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. காலையில் நன்றாகக் கிளம்பும் இஞ்சின் சிறிது நேரத்தில் திணறியது. தண்ணீர் மெலிந்தது. பிறகு இரண்டு மூன்று முட்டு முட்டிவிட்டு நின்றது. ஆறவிட்டுச் சுற்றினால் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். அந்த நிலையில்தான் கார்டு எழுதினார்.

கார்டில் அவர் சொன்ன பிட்டர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் பஸ்களுக்கும் ஆலை இஞ்சின்களுக்கும் வேலை பார்த்தவர். நல்ல கைக்காரர், அதைவிட நல்ல வாய்க்காரர். நான் குடியிருந்த தெருவில்தான் அவரும் குடியிருந்தார். சனிக்கிழமை காலை இருவரும் ரயிலேறினோம். மடி நிறைய வறுகடலை வைத்துக்கொண்டு வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தார்.

"சார், இஞ்சின்னா மனுசன் மாதிரிதான். மனுசனுக்கு நாக்கு, இஞ்சினுக்குப் புகை. நாக்கை நீட்டச் சொன்னாலே வைத்தியருக்கு முக்காவாசி நோய் தெரிஞ்சுபோகும். கறுப்பா வந்தா ஒரு சீக்கு, வெள்ளையா வந்தா ஒரு சீக்கு, நீலமா வந்தா இன்னொண்ணு. பாத்துட்டுத்தான் நான் ஸ்பானரையே தொடுவேன்."

கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அண்ணே, புகை எங்க?"

"அந்தா, அந்தப் பக்கம்" என்று அத்தான் தரிசைக் காட்டினார். "வாய்க்காலுக்கு அடியில போயி, அந்தக் கல்லுக் குழியில எறங்கிரும். தோட்டத்துப் பக்கம் ஒரு பொட்டு வராது."

பிட்டர் குழியருகே போய்க் குனிந்து பார்த்தார். இடுக்கில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"நாக்கை மண்ணுக்குள்ள புதைச்சுப்புட்டு என்னைய வைத்தியம் பாக்கச் சொல்றீகளே."

"பாக்க முடியுமா, முடியாதா?"

"பாக்காம? காது இருக்குல்ல."

ஒரு நீளமான இரும்புக் கம்பியை எடுத்து, ஒரு முனையை இஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். நாசிலைக் கழற்றி எண்ணெய் பீச்சுவதைப் பார்த்தார். வால்வுகளைச் சரிபார்த்தார். கைப்பிடியைச் சுற்றி, அழுத்தம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு, இஞ்சினைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று, பம்புக்குப் போகும் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். ஆலை இஞ்சின்களை அப்படித்தான் சோதிப்பார்கள். இஞ்சின் ஓடியது. நாங்கள் அக்காள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தோம், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விக்கல்கூட இல்லை.

"எம்புட்டு அழகா ஓடுது! இதுக்கா அண்ணே காயிதம் போட்டீக?"

"பம்போட சேத்து ஓட்டிப் பாருங்க."

பெல்ட்டை மாட்டி ஓட்டினோம். தண்ணீர் தொட்டியில் கனமாக விழுந்தது. அத்தானுக்கே வெட்கமாகப் போய்விட்டது. பிட்டர் ரயிலுக்கு நேரமாகிறது என்று கை கழுவிக்கொண்டார். அக்காள் ஒரு கட்டு இளவெற்றிலையை அவரிடம் கொடுத்தாள்.

"இஞ்சினுக்கு ஒண்ணுமில்லக்கா. உங்க வீட்டுக்காரர் கண்ணுதான் பட்டிருக்கு. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா போயிப் பாத்தா அதுக்கும் கூச்சமா இருக்கும்ல. வாரேன்."

அவர் ஏறிய ரயில் சமயநல்லூரைத் தாண்டியிருக்காது. இஞ்சின் நின்றுவிட்டது.

நான் மறுநாளும் அங்கேயே தங்கினேன். மிஷன் நூலகத்தில் இஞ்சின்களைப் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் படித்திருந்தேன். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் இப்படி நேரும் என்று அதில் இருந்ததாக நினைவு. எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றித் தெளியவிட்டு, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி ஊற்றினோம். பலனில்லை. பம்பு மாட்டிக் கொடுத்த உள்ளூர்க்காரரை அத்தான் கூப்பிட்டு வந்தார். அவர் வந்ததும் வராததுமாக, "மதுரை பிட்டரு இஞ்சின் நல்லாருக்குன்னுட்டாராக்கும்? அப்ப பழி எம் பம்பு மேலதான்" என்றார். கிணற்றில் இறங்கி அடிவால்வைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். ஒரு குறையும் இல்லை என்று கோபத்தோடு போய்விட்டார். அதிலும் பலனில்லை.

அந்த வாரத்து ஓட்டத்தைப் பற்றி அத்தான் சொன்னதை வைத்து ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தது. அத்தானிடமும் சொன்னேன். இஞ்சின் ஓடும் நேரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் அது எதைக் காட்டுகிறது என்று இருவருக்கும் புரியவில்லை.

அந்த நாட்களில் தலைவாய்க்காலில் மண்வெட்டியோடு நின்று தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது அக்காள்தான். கூலியாளுக்கு வேலை சொல்லவில்லை. வருவதே கொஞ்சம் தண்ணீர், அதைத் திருப்ப ஆள் எதற்கு என்று அவளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கரையேறி வந்து கால் மண்ணைக் கழுவும்போது அலுத்துக்கொண்டாள்.

"இந்த வருசம் நண்டுத் தொல்லை தாங்க முடியல தம்பி. வாய்க்கால்ல குபுகுபுன்னு பொங்கிக்கிட்டே இருக்கு. களிமண்ணைப் போட்டு மிதிச்சு மிதிச்சு காலு போச்சு."

வாய்க்காலில் நண்டு வளை இருந்தால், தண்ணீர் போகும்போது உள்ளே இருக்கும் காற்று குமிழியாக மேலே வரும். அங்கே களிமண்ணை அப்பி மிதித்து அடைக்காவிட்டால் தண்ணீர் வளைக்குள் போய் வீணாகும். வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிற எல்லோரும் யோசிக்காமலே செய்கிற வேலை அது. நாங்கள் அவள் பேச்சைக் கேட்டோம், தலையாட்டினோம். இஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். அந்த வாரம் பாடம் நடத்தும்போதெல்லாம் மனம் சோழவந்தானிலேயே இருந்தது. வியாழக்கிழமை பேட்டைக்கு இலை கொண்டுவந்த ஒருவர் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்துச் செய்தி சொன்னார். கீழ்ப்பாத்திகளில் கொடி தலை சாய்ந்துவிட்டது. அக்காளும் அத்தானும் விடியற்காலையிலிருந்து குடத்தில் மொண்டு ஊற்றுகிறார்கள். அப்படி எத்தனை பாத்திக்கு ஊற்ற முடியும்? மேல்பாத்திகள் இன்னும் மூன்று நாள் தாங்கினால் அதிகம்.

நேரே பிட்டரிடம் போனேன். அவர் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார்.

"நான்தான் பாத்துட்டு வந்துட்டேனே சார். நான் இருக்கும்போது ஓடுச்சுல்ல?"

"ஓடியது. நீங்கள் ரயிலேறியதும் நின்றுவிட்டது."

பஸ்ஸுக்கு அடியில் ஸ்பானரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப என்னையப் பாத்துப் பயந்திருக்கு."

"அதனால்தான் கூப்பிடுகிறேன். கூடவே இருந்து பயமுறுத்துங்கள். கொடி செத்துக்கொண்டிருக்கிறது."

அவர் வெளியே ஊர்ந்து வந்தார். முகமெல்லாம் கரி. "நாளைக்கு உங்க பள்ளிக்கூடம் லீவா?" என்று கேட்டார். மறுநாள் பெரிய வெள்ளி. முதல் ரயிலுக்கு வருவதாகச் சொன்னார்.

கீழ்ப்பாத்திகளை நான் பார்த்தது அந்த வெள்ளிக்கிழமை காலையில். அகத்தி பச்சையாக நின்றது. அதில் ஏறியிருந்த கொடி மட்டும் வேறு ஏதோ செடியைப் போல இருந்தது. இலைகள் காம்போடு தொங்கின. நுனித்தளிர்கள் சுருண்டிருந்தன. அக்காள் குடத்தோடு எதிரே வந்தாள். "வா தம்பி" என்றதோடு சரி, நிற்கவில்லை. அத்தான் முகத்தில் ஒரு வாரத் தாடி. பிட்டரைப் பார்த்து வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. பிட்டரும் அன்று கடலை கொண்டுவரவில்லை.

"பெல்ட்டை மாட்டுங்க. இந்தத் தடவை நிக்கிறவரைக்கும் நான் எந்திரிக்கப் போறதில்ல" என்று கம்பியைக் காதில் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் வந்தது. அக்காள் குடத்தை வைத்துவிட்டு மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனாள். சிறிது நேரம்தான். இஞ்சினின் சத்தம் கனத்தது, இழுத்தது. பிட்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முட்டியது, நின்றது.

"இது பட்டினியில சாகல அண்ணே" என்று பிட்டர் கம்பியை இறக்கினார். "எண்ணெய் போகுது, காத்து போகுது. மூச்சை வெளிய விட முடியாம முட்டுது. புகைக்குழாயை இங்கன இஞ்சினோட சேருற எடத்துல கழட்டிவிட்டு ஓட்டுவோம். ஓடுச்சுன்னா நோய் குழாயில. ஓடலேன்னா இஞ்சின்ல."

அத்தான் தலையாட்டவில்லை.

"கழட்டினா புகை எங்க போகும்?"

"எங்க போகும்? கொட்டகையை விட்டு வெளிய போகும்."

"காத்து தோட்டத்துப் பக்கம் அடிக்குது. நாளன்னைக்கு மேல்பாத்தியில இலை எடுக்கணும். இருக்கிறதே அம்புட்டுத்தான். அதுலயும் புகை ஏறிப்போச்சுன்னா பேட்டையில எவன் தொடுவான்?"

"அதுக்காக மூக்கை அடைச்சு வச்சுக்கிட்டு மூச்சு விடுன்னா எப்படிண்ணே?"

"வேற வழியில பாருங்க. கம்பி வச்சுப் பாருங்க."

"கம்பி வச்சுத்தான் சொல்றேன்."

இருவர் குரலும் ஏறியது. நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "மாப்ள, நீ செத்த சும்மா இரு" என்றார் அத்தான். அதற்குள் வாய்க்காலிலிருந்து அக்காளின் குரல் வந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"கொடி செத்த பெறகு எந்த இலையை மோந்து பாக்கப் போறீக?"

அத்தான் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு பிட்டரின் பையிலிருந்து ஸ்பானரை அவரே எடுத்தார். குழாய்ச் சந்தில் தன் கையாலேயே போட்டிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். குழாயை நகர்த்தியதும் உள்ளே எங்கோ தண்ணீர் களக் என்று அசைந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்கு அவகாசமும் இல்லை. பிட்டர் கைப்பிடியைச் சுற்றினார்.

அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கொட்டகை அதற்கு முன் கேட்டிருக்காது. முதலில் கரும்புகை கட்டியாக வெளியே உருண்டது. இருமிக்கொண்டே வெளியே ஓடினோம். கொஞ்ச நேரத்தில் புகை வெளுத்தது. பிட்டர் கையை உயர்த்தி, "நாக்கு! நாக்கைப் பாத்துட்டேன்!" என்று கத்தினார். தொட்டியில் தண்ணீர் கனமாக விழுந்தது. இஞ்சின் நிற்கும் என்று எதிர்பார்த்த நேரம் கடந்தது. இன்னும் ஓடியது. அத்தான் புகை மேல்பாத்திகளின் மேல் ஊர்ந்து போவதைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார். முகத்தில் துக்கமா சந்தோஷமா என்று சொல்ல முடியாது.

அப்போது அக்காள் வாய்க்காலுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, ஒரு அதிசயம் பாரு. நண்டெல்லாம் அடங்கிப்போச்சு!"

"எந்த நண்டுக்கா?" என்று பிட்டர் திரும்பினார்.

"இங்கனதான். இஞ்சின் ஓட ஆரம்பிச்சாப் பொங்கும். தெனமும் மிதிச்சு அடைப்பேன். இன்னைக்குத் தண்ணி இம்புட்டு வருது, ஒண்ணுகூடப் பொங்கக் காணோம்."

பிட்டர் வாய்க்கால் கரையில் போய் நின்றார். அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார். கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். தரிசிலிருந்த கல் குழியைப் பார்த்தார். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. அவர் கரையிலேயே உட்கார்ந்து, இருமல் வருகிறவரை சிரித்தார்.

"அக்கா, நீங்க மிதிச்சது நண்டு இல்ல. இஞ்சினோட மூக்கு."

அக்காளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"மூக்கைக் கொண்டுபோயி வாய்க்காலுக்குள்ள வச்சது யாராம்?"

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அவர் துண்டால் முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்து அக்காளும் சிரித்தாள்.

இஞ்சினை நிறுத்தவில்லை. புகை போகிற போக்கில் போகட்டும் என்று, கீழ்ப்பாத்திகள் முழுவதும் நனைகிறவரை ஓட்டினோம். ஒவ்வொரு பாத்திக்கும் தண்ணீர் திரும்பும்போது, வறண்ட மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வரப்பில் நின்றதுதான் அந்த நாளில் எனக்கு மிகத் தெளிவாக நினைவிருப்பது. மாலையில் இஞ்சினை நிறுத்தி, வாய்க்காலை வடித்துவிட்டுத் தோண்டினோம். மண் குழாயில் ஒரு மூட்டு விரிந்திருந்தது. அந்த வழியாக வாய்க்கால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. குழாய் நிறையச் சேறு, அதன்மேல் அக்காள் மிதித்து இறக்கிய களிமண் கெட்டியாக இருந்தது.

தோண்டிய குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தோம். வாய்க்காலில் தண்ணீர் போனால் குழாய்க்குள் தண்ணீர் இறங்கும். புகைக்கு வழி அடைபடும். முட்டி மோதி, விரிந்த மூட்டு வழியாகக் குமிழியாக மேலே வரும். அதையும் அக்காள் அடைப்பாள். இஞ்சின் நிற்கும். தண்ணீர் நின்றதும் குழாயில் இருப்பது மணலில் வடிந்துவிடும், மறுநாள் காலை நன்றாகக் கிளம்பும். களிமண் சேரச் சேர, ஓடும் நேரம் குறைந்தது. பிட்டர் முதல் நாள் பெல்ட்டைக் கழற்றியபோது தண்ணீரே வரவில்லை. பிறகு பெல்ட்டை மாட்டி ஓட்டியதும் கொஞ்ச நேரம்தான், குழாய் நிறைவதற்குள் அவர் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

"நோயாளியை வீட்டுல விட்டுட்டு, கூட வந்தவனுக்கு நாடி பாத்திருக்கேன்" என்றார் பிட்டர்.

"பார்த்துவிட்டு ஒரு கட்டு வெற்றிலையும் வாங்கிக்கொண்டு போனீர்கள்" என்றேன் நான்.

"அதைத் திருப்பித் தர முடியாது சார். மென்னு துப்பியாச்சு."

சனிக்கிழமையும் குழாயில்லாமலே ஓட்டி மேல்பாத்திகளை நனைத்தோம். அடுத்த வாரம் பிட்டர் மதுரையிலிருந்து பழைய இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓலைக் கூரையில் தீப்பிடிக்காமல் இருக்க, பக்கச் சுவர் வழியாக வெளியே எடுத்து, அகத்தியின் உயரத்துக்கு மேலே நிமிர்த்தி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார். புகை தோட்டத்தைத் தொடாமல் மேலோடு போனது. சத்தம் மட்டும் ஊருக்கே கேட்டது. "கேக்கட்டும். ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே தூங்கலாம்" என்றாள் அக்காள். கல் குழியில் பிறகு எரு போட்டார்கள். புகை படிந்த நாளுக்கு அடுத்து எடுத்த இலையை அத்தான் பயந்துகொண்டே பேட்டைக்குக் கொண்டுபோனார். தரகர் அன்று சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாராம். ஒன்றும் சொல்லவில்லை.

கீழ்ப்பாத்திகளில் இரண்டு முழுவதும் போய்விட்டன. அவற்றைப் பிடுங்கி மறுபடி நட வேண்டியிருந்தது. மற்றவை பிழைத்தன. தொங்கிய இலைகள் உதிர்ந்து, கொஞ்ச நாள் வெறுங்கொடியாக நின்று, பிறகு கணுக்களில் தளிர் விட்டன. நான் சித்திரை விடுமுறைக்குப் போனபோது அந்தத் தளிர்கள் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தன. அத்தான் தாடியை எடுத்துவிட்டு, ஆள் இளைத்து, ஆனால் பழையபடி குரலோடு இருந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கும் அக்காளுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இஞ்சின் தண்ணீர் பாய்ந்து சில நாளிலேயே முதல் தளிர் வந்துவிட்டது, தான்தான் முதலில் பார்த்தேன் என்கிறார் அத்தான். அந்தத் தண்ணீர் உயிரைப் பிடித்து வைத்தது, அவ்வளவுதான், தளிர் வந்தது கோடை மழைக்குப் பிறகு என்கிறாள் அக்காள். என் குறிப்பில் சித்திரை முதல் வாரத்தில் மதுரையில் மழை பெய்ததாக இருக்கிறது. அதே மழை அன்றே சோழவந்தானிலும் பெய்ததா என்று நான் அப்போது விசாரிக்கவில்லை. பின்னால் விசாரித்தபோது ஆளுக்கொரு நாள் சொன்னார்கள். கீழ்ப்பாத்தியில் முதல் தளிர் எந்த நாளில் வந்தது, அது மழைக்கு முன்பா பின்பா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.